டாக்டரம்மாவின் முழுக்கு

புருஷன் உயிரோடு இருக்கும்போதே ஒரு பெண் தன் கழுத்துத் தாலியைத் தானே கழற்றி இன்னொருத்தியின் கையில் கொடுப்பதை என் வாழ்நாளில் ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருக்கிறேன். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில், ஓடை வளைந்து தேங்கும் ஒரு மடுவின் கரையில் அது நடந்தது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா முதலில் தோடுகளைக் கழற்றினார், பிறகு மோதிரம், பிறகு தாலி. எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "என்னாங்கம்மா இது, சாருக்கு ஒண்ணும் ஆயிடலியே?" என்றேன். "அவருக்கு என்ன, நல்லாத்தான் இருக்கார். நாளைக்கு வர்றார். அதுக்காகத்தான் இதெல்லாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்க்கத் திரும்பினார்.

மலையடிவாரத்தில் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. மேலே இருக்கும் மலைக்காரர்களும் கீழே கரும்பு வெட்டும் கூலிக்காரர்களும் அதைத்தான் நம்பி இருந்தார்கள். டாக்டரம்மா அங்கே ஒரே டாக்டர். நான் நர்ஸ். வடக்கனந்தல் காலனியில் பிறந்து, படித்து, வெள்ளை உடுப்புப் போட்டவள். எங்கள் தெருவில் முதல் ஆள் நான்தான். டாக்டரம்மா கொச்சிக்காரர். ஊரில் அவரை வேதக்காரம்மா என்றுதான் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாததும், சனிக்கிழமை உயிர்போகிற கேஸ் தவிர எதையும் தொடாததும் எங்களுக்குப் புரியவில்லை. கிறிஸ்தவர் இல்லை, யூதர் என்று அவர் சொன்னபோது நான் தலையாட்டினேனே தவிர, அப்படி ஒரு ஜனம் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் தம்பிகள், சித்திமார்கள் எல்லோரும் கப்பலேறி இஸ்ரேலுக்குப் போய்விட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சேலத்தில் ஒரு ஆலையில் எஞ்சினியர். முடிந்த வாரங்களில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார். அந்த இருவரைத் தவிர நான்கு திசையிலும் பஸ் ஓடும் தூரம் வரைக்கும் அவர்கள் ஆள் ஒருவர்கூடக் கிடையாது.

அவரை மடுவில் நான் கண்டதே ஒரு பயத்தில்தான். ஒரு சாயங்காலம் துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு தனியாகக் காட்டுப் பக்கம் நடந்து போனார். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லை என்று ஊரில் பேச்சு. மனசு கெட்டு ஏதாவது செய்துகொள்ளப் போகிறாரோ என்று பின்னாலேயே ஓடினேன். கழுத்தளவு தண்ணீரில் அவரைப் பார்த்ததும் மரத்தடியிலிருந்தே கத்தினேன். "அம்மா, வேணாம்மா! ஏறி வந்துடுங்கம்மா!" அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தண்ணீருக்குள் நின்றபடியே சிரிக்கத் தொடங்கினார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கரையேறிப் புடவை சுற்றிக்கொண்டு விளக்கமாகச் சொன்னார். "இங்க 'தூரம்'னு சொல்றீங்க இல்ல? அதேதான். எங்களுக்கு அது நின்ன பிறகும் ஒரு வாரம் சுத்தமா இருக்கணும். அதுவரைக்கும் அவரும் நானும் விரல்கூடத் தொட்டுக்க மாட்டோம். வாரம் முடிஞ்ச அன்னைக்கு, நட்சத்திரம் தெரியற நேரம், இந்த மாதிரித் தண்ணியில தலை முழுகினாத்தான் மறுபடியும் புருஷன் பொண்டாட்டி." எங்கள் வீட்டிலும் மூன்று நாள் ஒதுங்கித் தலைக்கு ஊற்றிக்கொள்வதுதானே என்றேன். ஆனால் எங்களுக்கு அது தீட்டுக் கழுவுவது. அவர் அப்படிச் சொல்லவில்லை. அழுக்குப் போக வீட்டிலேயே வெந்நீரில் தேய்த்துக் குளித்து, நகம் வெட்டி, தலை சிக்கெடுத்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டுமாம். உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நூலிழை இருக்கக் கூடாது. கட்டுத்துணி, மை, மோதிரம், ஒன்றும் கூடாது. மனிதர் மொண்டு ஊற்றிய நீரும் ஆகாது. ஊற்றாகவோ மழையாகவோ தானாக வந்து சேர்ந்த தண்ணீர்தான் வேண்டும். அதற்காகத்தான் இந்த ஊருக்கு வந்த புதிதில் மலைக்காரர்களிடம் கோடையிலும் வற்றாத ஊற்று எது என்று விசாரித்து இந்த மடுவைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஒரே ஒரு கஷ்டம். முழுசா முங்கினேனான்னு எனக்கே தெரியாது. ஒரு முடி மேல மிதந்தாக்கூட ஆகாது. பார்த்துச் சொல்ல ஒரு பொம்பளை கரையில நிக்கணும். நீ நிக்கிறியா?"

"நான் நிக்கலாங்களாம்மா?"

"சட்டப்படி எங்க ஆளுதான் நிக்கணும். இங்க எங்க ஆளுக்கு நான் எங்க போவேன்? அதெல்லாம் மேல இருக்கிறவருக்குத் தெரியும். இந்த ஊரு பஸ்ஸு எப்படி வருதுன்னும் அவருக்குத் தெரியும்."

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. கொச்சியில் அவர்களும் நம்மைப் போலத் தாலி கட்டுகிறவர்கள்தான்; ஒன்றும் கூடாது என்றதில் அதுவும் அடங்கும் என்பது முதல் நாள் அவர் அதைக் கழற்றி என் கையில் வைத்தபோதுதான் தெரிந்தது. நான் கரைப் பாறையில் லாந்தரைத் தூக்கிப் பிடித்து நிற்பேன். அவர் மெதுவாக உள்ளே இறங்குவார். கை கால்களை லேசாக விரித்து, கண்ணை மூடி, முழுக்கத் தண்ணீருக்குள் போவார். கூந்தல் ஒரு நொடி மேலே விரிந்து கிடந்து பிறகு அதுவும் உள்ளே போகும். தண்ணீர் மூடிக்கொள்ளும். அந்த நொடியில் மடுவில் யாருமே இல்லாதது போல இருக்கும். எழுந்ததும் நான் சொல்வேன், "ஆச்சும்மா." கழுத்தளவு நீரில் நின்று அவர்களுடைய வேதபாஷையில் ஒரு வரி ஜெபம் சொல்லி, மறுபடி முங்குவார். சில நாள், "முடி மேல இருந்திச்சிம்மா, இன்னொரு தரம்" என்பேன். முகம் சுளிக்காமல் மறுபடி போவார்.

முதல் இரண்டு மூன்று முறை கரையேறியவரிடம் துண்டை நான் நீட்டிய விதத்தை அவர் கவனித்திருக்கிறார். நுனியைப் பிடித்து, அவர் கை என் கை மேல் படாதபடி, மேலிருந்து விட்டுவிடுவேன். எனக்கே தெரியாத பழக்கம் அது. கடையிலும் வயலிலும் அப்படித்தான் வாங்குவோம், அப்படித்தான் கொடுப்போம். ஆஸ்பத்திரியிலும் ஊசி போட நான் தொடலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாத்திரை விழுங்கத் தண்ணீர் கொடுத்தால் மட்டும், "அங்க வச்சிடு, எடுத்துக்கிறேன்" என்பார்கள்.

ஒரு நாள் துண்டை வாங்காமல் ஈரத்தோடு நின்றார். "சிஸ்டர், என்னைத் தொடு" என்றார். எனக்கு விளங்கவில்லை. "எங்க அம்மா காலத்துல, முங்கி எழுந்தவளை முதல்ல ஒரு நல்ல பொம்பளை தொடணும்னு சொல்வாங்க. தண்ணியை விட்டு வந்ததும் முதல்ல யாரு தொடறாங்களோ, அது நல்லதா இருக்கணும்னு. கல்யாணத்தன்னைக்கு எங்க அத்தை தொட்டாங்க." நான் நின்றேன். அவரும் நின்றார். குளிரில் அவர் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவருடைய தோளில் கையை வைத்தேன். தோல் சில்லென்று இருந்தது. அதன் பிறகு நான் துண்டை நீட்டியதே இல்லை. நானே போர்த்திவிட்டேன்.

அக்கம்பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரர் ஒருவர், டாக்டரம்மா குளிப்பதற்கு அந்தக் காட்டு மடு எதற்கு, தன் கிணற்றில் படி இருக்கிறது, வந்து குளித்துவிட்டுப் போகட்டும் என்று ஆள் அனுப்பினார். நல்ல மனசுதான். வழியில் பாம்பு உண்டு, கரடி உண்டு. டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டு போனார். தோட்டக்காரர் என்னைப் பார்த்ததும் தயங்கி, "நீங்க வாங்கம்மா. அந்தப் பொண்ணு இங்கியே குந்திக்கினு இருக்கட்டும். கெணறு பாருங்க, குடிக்கிற தண்ணி" என்றார். டாக்டரம்மா ஒன்றும் வாதாடவில்லை. "அப்போ வேண்டாங்க, எங்களுக்கு மடுவே போதும்" என்று திரும்பி நடந்தார். வழி முழுக்க என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு அந்தப் புரட்டாசி வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லா முழுக்க ரோட்டை அடைத்துப் போராட்டம். கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, பேப்பர் கிடையாது, பால் கிடையாது. ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களும் ஏழைகள்தான். வெயிலில் கருத்த, கடலை பிடுங்குகிற, கரும்பு வெட்டுகிற கைகள். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு என்றுதான் டாக்டரம்மா கேட்டார். ஆனால் எங்கேயோ காலனிக் குடிசைகள் எரிந்ததாகவும் பேச்சு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் ராத்திரியில் தூங்கவில்லை. என் அப்பா யாரையோ அனுப்பி, "வூட்டுக்கு வர வேணாம், ஆஸ்பத்திரியிலியே இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மா வீட்டின் முன்னறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமைதான் அவருடைய வாரம் முடிந்தது. காலையிலிருந்தே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் வெந்நீர் போடச் சொன்னார். "சார் எப்படிம்மா வருவாரு? பஸ்ஸே ஓடல" என்றேன். "எப்படியாவது வருவார். லாரி கிடைக்கும். இல்லைன்னா நடப்பார். நாப்பது வயசு நெருங்குது சிஸ்டர், எனக்கு ஒரு மாசத்தை விட முடியாது" என்றார். பிள்ளையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

மடுவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ரோட்டைக் கடந்துதான் போகும். கடக்கும் இடத்தில் மரம் விழுந்து கிடந்தது. அதன் மேல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் தடிகள். ஒருவன் எழுந்து வந்தான்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க இந்நேரத்துல?"

"குளிக்க" என்றார் டாக்டரம்மா.

"இன்னாது? ஊரே பத்திக்கினு கெடக்குது, குளிக்கவா போறீங்க?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் பார்வை என் மேல் வந்து நின்றது. "இது யாரு? காலனிப் பொண்ணா?"

டாக்டரம்மா எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு அடி எடுத்து வைத்தார். "என் ஆளு" என்றார்.

அதற்குள் மரத்தின் மேலிருந்த ஒருவர் இறங்கி ஓடி வந்தார். "டேய், வழிய வுட்றா. எம் பொண்டாட்டிக்குப் பிரசவம் பாத்தவங்கடா அவங்க. நீங்க போங்கம்மா. திரும்பி வரும்போது நான் இங்கியேதான் இருப்பேன். ஒண்ணும் பயப்படாதீங்க" என்று கிளைகளை விலக்கிப் பிடித்தார். அந்தச் சந்தின் வழியாகக் குனிந்து போனோம்.

அன்று மழைத் தண்ணீரும் சேர்ந்து மடு நிரம்பி இருந்தது. டாக்டரம்மா முங்கினார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கரையேறியதும் தோளைத் தொட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. திரும்பி வரும்போது ஏதோ ஒரு மலையாளப் பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி, மீன் குழம்பு வைத்து, பொழுது சாயுமுன் விளக்கேற்றினார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இருட்டி வெகுநேரமாகியும் சார் வரவில்லை. நான்தான் பதறினேன். அவர் பதறவில்லை. "வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா எங்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிடும், அவர் பயணம் பண்ண மாட்டார். சின்னசேலத்துல எங்கயாவது மாட்டியிருப்பார். யார் வீட்டுலயாவது உட்கார்ந்திருப்பார். நாளைக்குச் சாயங்காலம் நட்சத்திரம் பார்த்துட்டுக் கிளம்புவார்" என்றார். சனிக்கிழமை முழுதும் அதையே வளர்த்துக்கொண்டே போனார். யாரோ ஒரு அரிசி மில்காரர் வீட்டில் இருப்பாராம். அவர்கள் சோறு போடுவார்களாம், இவர் கூச்சத்தில் பழம் மட்டும் போதும் என்பாராம். சொல்லச் சொல்ல எனக்கும் அந்த மில்காரர் வீடு கண்ணுக்குத் தெரிந்தது. சனிக்கிழமையும் போய் ஞாயிறும் போனது. குழம்பை நான் தனியாகச் சாப்பிட்டேன். தலையில் அடிபட்டவர்கள் வந்தார்கள், தையல் போட்டோம். ஒவ்வொரு முறை வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதும் அவர் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்வார்.

ரோடு திறந்து, முதல் பஸ் வந்த அன்று சார் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆரஞ்சுப் பை. டாக்டரம்மா வாசலுக்கே ஓடிப்போய், "எதுவரைக்கும் வந்தீங்க? சின்னசேலமா?" என்று கேட்டார். அவர்கள் மலையாளத்தில்தான் பேசுவார்கள். அதற்குள் எனக்கு அது விளங்கும்.

"எங்கே வருவது? நான் கிளம்பவே இல்லையே. ரேடியோவில்தான் ரோடு இல்லை என்று சொன்னார்களே" என்றார் சார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். டாக்டரம்மா, "அது சரிதான்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அரிசி களைந்தார். வெகுநேரம் களைந்துகொண்டே இருந்தார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு அன்றே எங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சில மாதங்களில் சாரும் இஸ்ரேலுக்குப் போனார். முன்பே முடிவெடுத்திருந்தாரோ என்னவோ. இவரையும் வரச் சொல்லித்தான் போனார். சண்டை போட்டுப் பிரிந்ததாக யாரும் சொல்ல முடியாது. மலையிலிருந்து ஒரு கேஸ் வந்துவிட்டது, அடுத்த மாதம் பார்க்கலாம், மழை முடியட்டும் என்று டாக்டரம்மா தள்ளிக்கொண்டே போனார். ஒரு நாள் என்னிடம் சொன்னார், "அங்க தெருவுக்குத் தெரு இதுக்குன்னே கட்டின குளம் இருக்காம். வெந்நீர் இருக்குமாம். பார்த்துச் சொல்றதுக்கு ஆள் இருக்குமாம்." போங்களேன் அம்மா என்றேன். "போகலாம். யாருக்காக முங்கறதுன்னுதான் தெரியலை" என்றார்.

ஒரு சாயங்காலம், பழக்க தோஷத்தில் லாந்தரைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழவில்லை. "இனிமே வேண்டியதில்லை சிஸ்டர். வீட்டுக்காரர் இல்லாதவளுக்கு அந்தக் கணக்கு கிடையாது" என்றார். மறு புரட்டாசியில் ஒரே ஒரு தடவை மட்டும் மடுவுக்குக் கூப்பிட்டார். அது பகல். மறுநாள் அவர்களுக்கு வருஷத்திலேயே பெரிய நோன்பு, அதற்கு முன்னால் ஆணும் பெண்ணும் அவரவர்க்காக முழுகும் வழக்கம் உண்டு என்றார். "இன்னைக்குப் பார்க்க வேணாம், திரும்பி நில்லு." நான் மலையைப் பார்த்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. அவர் கண் சிவந்திருந்தது. தண்ணீரால் என்றுதான் வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணமாகி, அரசு வேலை கிடைத்து ரிஷிவந்தியம் பக்கம் போய்விட்டேன். டாக்டரம்மா முடி முழுக்க நரைக்கும்வரை அங்கேயே இருந்தார். பிறகு அந்த ஆஸ்பத்திரியை மூடினார்கள். கொச்சியில் தூரத்து உறவினர் வீட்டு மாடியறைக்குப் போனார். சனிக்கிழமை இருட்டியதும் எனக்குப் போன் வரும். பெரும்பாலும் ஓடையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பார். நான் போய்ப் பார்க்காமலேயே வருகிறதென்று சொல்வேன். என் வீட்டுக்காரரும் இறந்து போய், மகனும் சென்னைக்குப் போன பிறகு, அந்த ஒரு போனுக்காக நானும் உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அந்த எண்ணிலிருந்தே வேறொரு குரல் பேசியது. முந்தின நாள் சாயங்காலமே முடிந்துவிட்டது, ஓய்வுநாள் என்பதால் இப்போதுதான் சொல்ல முடிகிறது, நாளை மத்தியானம் அடக்கம், நீங்கள் வரும்வரை காத்திருக்கிறோம் என்றது. எனக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ரயிலேறினேன். கதவைத் திறந்த வயதான அம்மாள், "சிஸ்டர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். அவர் உள்ளே பார்த்து, தங்கை வந்துவிட்டாள் என்று மலையாளத்தில் குரல் கொடுத்தார். அப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மா தன் போனில் என் எண்ணை 'சிஸ்டர்' என்றே போட்டு வைத்திருக்கிறார். அவர்கள் கூடப்பிறந்தவள் என்று எண்ணிக்கொண்டார்கள். உள்ளேயிருந்து வந்தவர்கள் என் முகத்தை, நிறத்தை, புடவைக் கட்டைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் திருத்தவில்லை.

கொச்சியில் மிச்சமிருந்த சில யூதப் பெண்கள் அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டக் கூடியிருந்தார்கள். ஆனால் தொடங்க முடியாமல் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய கையில் பிளாஸ்திரியின் பசை திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தோல் கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து. நான் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கினேன். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சால் ஒற்றி ஒற்றி, பொறுமையாக எடுத்தேன். பசை முழுக்கப் போனபின் சோப்பால் எண்ணெயையும் துடைத்தேன். பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய முறை அது.

மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு குடம் முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கி, இடையில் அறாமல் ஊற்றினார்கள். பிறகு நின்றது. என்னைக் கூப்பிட்டு, பார்த்துச் சொல் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எல்லோரும் குழாயில் கை கழுவினார்கள். நானும் கழுவிவிட்டு முந்தானையைத் தேடியபோது, துடைக்கக் கூடாது, போனவரை உடனே துடைத்துவிட்டது போல ஆகும், அப்படியே விட்டுவிடுங்கள் என்றார் அந்த அம்மாள். ஈரக் கைகளை மடியில் விரித்து வைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன் வருவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிட்டது.